வேவு விமானிகள்: பர்ச்சல் முதல் கார்கில் பெருமாள் வரை

செவ்வாய்ப்பேட்டை (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் சேலம் ஜங்ஷன் பழைய படங்கள் இழையில் ஒருவர், "1942இல் சென்னை காலியானபோது ஏகப்பட்ட பேர் இந்தப் பக்கம்தான் வந்தார்கள்" என்று எழுதியிருந்தார். கீழே நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. என் தாத்தா அப்போது லீ பஜாரில் மண்டிக்கடைப் பையன். ஜோலார்பேட்டை வழியாக வந்த வண்டிகளில் நிற்க இடமிருக்காதாம். தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிய ஒரு குடும்பம், வாடகைக்கு வீடு கிடைக்காமல் மண்டித் திண்ணையிலேயே படுத்துக் கிடந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஜப்பான்காரன் பயம். அதற்குக் காரணமும் இருந்தது. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்துவிட்டார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று ஜனங்கள் நினைத்ததில் என்ன தப்பு?

இந்தக் கப்பல் படையை இலங்கைக்குத் தெற்கே முதலில் கண்ணால் பார்த்துச் சொன்னவர் லியனார்ட் பர்ச்சல் என்ற கனடாக்காரர். கனடா விமானப்படையின் 413ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. பிரிட்டனின் வடகோடியிலிருந்து இலங்கைக்கு மாற்றல் வாங்கி, காலிக்குப் பக்கத்தில் கொக்கலைக் களப்பில் வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4 அன்று காட்டலினா என்ற கடல் விமானத்தில் ஒன்பது பேர் கிளம்பினார்கள். நாள் முழுக்க வெறும் தண்ணீர். மாலை நாலு மணி சுமாருக்கு, திரும்பலாம் என்கிற நேரத்தில், தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள். கரையிலிருந்து 350 மைலுக்கும் மேலே.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். "கப்பல் தெரிகிறது" என்று ஒரு வரி தட்டிவிட்டு வடக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று இல்லாமல் சொன்னால் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அதனால் கிட்டே போனார். காட்டலினா நிதானமாகப் பறந்தால் மணிக்கு 200 கிலோமீட்டர். கப்பலிலிருந்து கிளம்பி வந்த சீரோ விமானங்கள் 500ஐத் தாண்டும். கிட்டே போனால் தப்பி வர முடியாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. செய்தியை மூன்று தடவை அனுப்புவது நடைமுறை. மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டு வயர்லெஸ் செட் நொறுங்கியது. விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மிச்சம் ஆறு பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டது. போர் முடியும்வரை சிறை. பிறகு இவருக்கு "இலங்கையைக் காப்பாற்றியவர்" என்று பட்டமே கொடுத்தார்கள்.

நம் ஊரில் போர் வீரன் என்றால் எத்தனை பேரை வீழ்த்தினான் என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த ஆள் அன்றைக்கு யாரையும் வீழ்த்தவில்லை. வேவு பார்க்கப் போகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்களுக்குத் தெரிந்த மற்றவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

அம்மாபேட்டை தறி

அருமை. பள்ளிக்கூடப் பாடத்தில் இரண்டாம் உலகப்போர் என்றால் ஹிட்லர், ஹிரோஷிமா, அவ்வளவுதான். நமக்குப் பக்கத்து வீட்டில் நடந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

குரங்குச்சாவடி

கதை நன்றாக இருக்கிறது. "இலங்கையைக் காப்பாற்றியவர்" என்று பட்டம் கொடுக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

ஒன்று, தாக்குதல் வரப்போகிறது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சாமர்வில்லுக்கு முன்பே தெரியும். ஜப்பானியச் சங்கேதச் செய்திகளை உடைத்து வைத்திருந்தார்கள். ஏப்ரல் 1 வாக்கில் வருவார்கள் என்று கடலில் காத்திருந்து பார்த்து, வரவில்லை என்றதும் எண்ணெயும் தண்ணீரும் நிரப்ப மாலத்தீவின் அட்டு அட்டோலுக்குப் போய்விட்டார். பர்ச்சல் பார்த்த நேரத்தில் அவருடைய கப்பல்கள் அங்கேதான் இருந்தன.

அப்புறம், செய்தி கிடைத்தும் மறுநாள் காலை என்ன ஆயிற்று? ரேடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. ரத்மலானையில் நம் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே தலைக்கு மேலே ஜப்பான் விமானங்கள். ஹெக்டர், டெனிடாஸ் இரண்டு கப்பல்களும் கொழும்புத் துறைமுகத்திலேயே மூழ்கின. அன்று மதியம் நடுக்கடலில் டார்செட்ஷையர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர் போர்க்கப்பல்கள். அதில் மட்டும் 424 பேர் செத்தார்கள். எச்சரிக்கை வந்தும் இவ்வளவு என்றால், அந்த எச்சரிக்கை எதைக் காப்பாற்றியது?

பர்ச்சலின் தைரியத்தைக் குறை சொல்லவில்லை. பட்டத்தைத்தான் சொல்கிறேன். போர்க்காலத்தில் தோல்விக்கு நடுவில் ஒரு ஹீரோ வேண்டியிருந்தது, ஒருவர் கிடைத்தார்.

செவ்வாய்ப்பேட்டை

செய்தி வந்த ராத்திரியே துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் நகர முடிந்ததையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். துறைமுகம் நிறைந்து கிடந்திருந்தால் கதை வேறு. ரேடார்காரர் தூங்கியதற்கு பர்ச்சல் என்ன பண்ணுவார்? தபால்காரர் மழையில் நனைந்து கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கினவர் பிரிக்கவில்லை. இதில் தபால்காரர் மேல் என்ன குறை?

மட்டுநகர்

நான் மட்டக்களப்பு, இப்ப கன காலமாகச் சேலம்தான். எங்கட அம்மம்மா இந்த ஏப்ரலைப் பற்றிக் கதைப்பா. 9ஆம் தேதி திருகோணமலையில் குண்டு போட்ட அன்றைக்குத்தான் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலுக்கு நேரே மூழ்கடித்தவர்கள். கரையில் நின்றவைக்கு முழக்கம் கேட்டது, இடி என்று நினைத்தவை, வானத்தில் முகிலே இல்லை என்று சொல்லுவா. அந்தக் கப்பல் இப்பவும் அங்கேதான் கடலடியில் கிடக்குது.

குரங்குச்சாவடி அண்ணா சொன்ன பட்டம் விசயத்தில் எனக்கு வேறொரு மனக்குறை. பர்ச்சல் விழுந்த அன்றிரவு இன்னொரு காட்டலினா, 205ஆவது ஸ்குவாட்ரன், அதே கப்பல்களை இருட்டில் தேடிப் பிடித்து, பின்னாலேயே போய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. விடியும் நேரம் அதையும் சுட்டு வீழ்த்தினவர்கள். அதில் ஒருவரும் மிஞ்சவில்லை. பர்ச்சலுக்காவது போர் முடிஞ்சு வந்து சொல்ல வாய் இருந்தது. மற்றவை என்ன பார்த்தவை, கடைசி நேரம் என்ன யோசித்தவை என்று ஆருக்குத் தெரியும்? பட்டம் கொடுக்கிறதெண்டால் முதலில் அவைக்குக் கொடுங்கோ.

குரங்குச்சாவடி

இது நியாயம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேண்டீன் கார்டு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் விமானப்படையில் இருந்து ரிடையர் ஆனவன். விமானி இல்லை, தரை ஆள். சில வருஷம் ஆக்ராவில் கான்பெரா என்ற வேவு விமானங்களுக்குப் பக்கத்திலேயே, போட்டோ செக்‌ஷன் வேலை. அதனால் விமானியைப் பற்றி எழுதுவதை விட, அவர் கொண்டுவரும் ஃபிலிமைப் பற்றி எழுதினால் விஷயம் புரியும்.

வேவு விமானி என்றால் கடகடவென்று பறந்துபோய் நாலு படம் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறவர் என்றுதான் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லென்ஸின் குவியத் தூரம் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டர் சொச்சம். பறக்கும் உயரம் 30,000 அடி. குவியத் தூரத்தை உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவு 10,000இல் ஒரு பங்கு வரும். ஏழு மீட்டர் லாரி ஃபிலிமில் 0.7 மில்லிமீட்டர். கூர்மையாக இருந்தால் லாரியா டாங்கியா என்று பூதக்கண்ணாடியில் பிரிக்கலாம். கொஞ்சம் ஆடியிருந்தாலும் வெறும் கோடு.

ஃபிலிம் சதுரம் 23 சென்டிமீட்டர் என்றால் ஒரு படத்துக்குள் தரையில் 2.3 கிலோமீட்டர் அடங்கும். ஆனால் அடுத்த படம் முந்தைய படத்தின் மேல் 60 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடியில் பார்த்தால் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். ஆக, ஒவ்வொரு 920 மீட்டருக்கும் ஒரு கிளிக். வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் நாலரை வினாடிக்கு ஒன்று. நூறு கிலோமீட்டர் நீளமுள்ள சாலையைப் படமெடுக்க எட்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே உயரம், ஒரே வேகம், ஒரே கோடு. கீழே பீரங்கி சுட்டாலும் விலகக் கூடாது. விலகினால் அந்த இடத்தில் படத்தில் ஓட்டை விழும், நாளைக்கு வேறு ஒருவர் அதே கோட்டில் வர வேண்டும். சண்டை விமானிக்கு உயிர் பிழைக்கச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் நேராகப் பறக்காதே என்பது. இவர்களுக்கு வேலையே நேராகப் பறப்பதுதான்.

சரி, தப்பித்து வந்தாச்சு. அதோடு முடியவில்லை. ஃபிலிம் ஒரு சாணுக்கும் அகலமான ரோல். மகசின் என்ற ஃபிலிம் பெட்டியைக் கழற்றி இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவி, காயவைத்து, விளக்கு மேஜை மேல் ஓடவிடுவோம். ஷட்டர் மாட்டிக்கொண்டிருந்தால் ரோல் முழுக்க வெற்றாக வரும், ஒரு புள்ளி இருக்காது. அதுவரை விமானிக்குத் தான் போனது வீணா இல்லையா என்று தெரியாது. ஓவராலைக்கூடக் கழற்றாமல் கதவுக்கு வெளியே நின்று "ஆயா க்யா?" (படம் வந்ததா?) என்று இந்தியில் கேட்ட ஆபீசர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லையில் தைரியமாக இருந்த ஆள், எங்கள் இருட்டறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

உலகப்போரில் இங்கிலாந்தின் வேவு விமானி டோனி ஹில் கதை இதற்குப் பொருத்தம். 1941 டிசம்பரில் பிரான்ஸ் கடற்கரையில், ப்ருனவால் என்ற இடத்தில், ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த புது ரேடாரைப் படமெடுக்கப் போனார். மலைமுகட்டை உரசிக்கொண்டு தாழ்வாகப் பறந்து, கண்ணால் நன்றாகவே பார்த்துவிட்டார். கேமரா ஓடவில்லை. எந்த இடத்தில் சுட ஆள் காத்திருப்பான் என்று தெரிந்துகொண்டே மறுநாள் அதே இடத்துக்கு மறுபடி போய் எடுத்து வந்தார். அந்தப் படத்தை வைத்துத்தான் 1942 பிப்ரவரியில் பாராசூட் வீரர்கள் இறங்கி ரேடாரின் பாகங்களையே கழற்றிக்கொண்டு போனார்கள். முதல் நாள் போனதை எல்லோரும் தைரியம் என்பார்கள். நான் இரண்டாம் நாளைத்தான் சொல்வேன்.

லேடீஸ்சீட்

கேண்டீன் கார்டு ஐயா, ஸ்டீரியோஸ்கோப் என்றதும் கை பரபரக்கிறது. நான் கல்லூரியில் நிலவியல் எடுக்கிறேன். வான்படம் படிப்பதை மாணவர்களுக்குச் சொல்லித்தர ஏற்காட்டை விட நல்ல இடம் இல்லை. லேடீஸ் சீட்டில் மத்தியானம் நின்று கீழே பார்த்தால், மேக்னசைட் சுரங்கம் சும்மா வெள்ளையாகத் தட்டையாகக் கிடக்கும். எது வெட்டிய குழி, எது கொட்டிய மேடு என்று தெரியாது. சாயந்திரம் ஐந்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் நிழல் நீண்டு, ஒவ்வொரு படிக்கட்டும் தனித்தனியாகத் தெரியும். லாரிப் பாதையைக்கூட விரலால் தொடரலாம். வேவுப் படத்திலும் இதேதான். மறைத்து வைத்த பீரங்கியின் மேல் வலை போடலாம், அதன் நிழலை மறைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. படத்தைத் தலைகீழாக, நிழல் நம்மை விட்டு விலகி விழும்படி வைத்துப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகும். மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இதைக் காட்டுவேன். அகழியை மண்மேடு என்று படித்து அனுப்பினால் அந்தப் பக்கம் போகிற பட்டாளத்தின் கதி என்ன என்று கேட்பேன், வகுப்பு அமைதியாகிவிடும். (அமைதியாகும் ஒரே வகுப்பு அதுதான், அது வேறு விஷயம்.)

நம் நாட்டு விமானிகளைப் பற்றியும் சொல்லுங்களேன். ஜக் மோகன் நாத் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கேண்டீன் கார்டு

நாத் சார் எங்களுக்கெல்லாம் முந்தைய தலைமுறை. ஆனால் ஆக்ராவில் 106ஆவது ஸ்குவாட்ரன் என்றால் முதலில் அவர் பெயர்தான் வரும். மகாவீர் சக்கரத்தை இரண்டு முறை வாங்கியவர்கள் மொத்தம் ஆறு பேர், அதில் ஒருவர். இரண்டுமே வேவு பறத்தலுக்கு.

1960க்கும் 1962க்கும் இடையில் அக்சாய் சின், திபெத் மேலே கான்பெராவில் போய்ப் படமெடுத்தார். சீனா அங்கே சாலை போட்டு முடித்து, ஆட்களையும் வண்டிகளையும் குவித்துக்கொண்டிருந்த காலம். துணைக்குச் சண்டை விமானம் கிடையாது. கீழே விழுந்தால் தேடி வர ஆளும் கிடையாது. அந்த மலையில் குதித்துப் பிழைத்தாலும் குளிரில் எத்தனை மணி நேரம்? 1965 போரில் மறுபடி அவரே, இந்த முறை பாகிஸ்தான் மேலே. லாகூருக்கு முன்னால் இச்சோகில் கால்வாய்ப் பக்கமெல்லாம் படமெடுத்து வந்தார்.

கான்பெரா பெரிய உயரத்துக்கு ஏறும், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஆனால் உயரம் எப்போதும் காப்பாற்றாது. 1959 ஏப்ரல் 10, ஈத் அன்று, ராவல்பிண்டிப் பக்கம் நம் கான்பெரா ஒன்றைப் பாகிஸ்தானின் சேபர் சண்டை விமானம் சுட்டு வீழ்த்தியது. சென் குப்தா, ராம்பால் இரண்டு பேரும் குதித்துப் பிழைத்தார்கள், பிடிபட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நாத் அக்சாய் சின் மேலே பறக்கத் தொடங்கியது இதற்குப் பிறகு. என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஏறினார்கள்.

குரங்குச்சாவடி

நான் சொல்ல வந்ததற்கே ஐயா உதாரணம் எடுத்துக் கொடுத்துவிட்டார். நாத் எடுத்து வந்த படங்களில் சீனர்கள் குவிந்திருப்பது தெரிந்தது. மேலே இருந்தவர்கள் நம்பவில்லை, கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் வருத்தப்பட்டிருக்கிறார். 1962 அக்டோபரில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1942இல் கொழும்பு, 1962இல் டெல்லி. உயிரைக் கொடுத்துச் செய்தி கொண்டுவருகிறான் ஒருவன், அது ஏதோ ஒரு மேஜையில் கிடக்கிறது.

விமானிக்குப் பதக்கம் கொடுத்துவிட்டால், அந்த மேஜைக்காரரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீரத்தைப் பாராட்டுவதிலேயே ஒரு வசதி இருக்கிறது. என் எரிச்சல் அதில்தான்.

செவ்வாய்ப்பேட்டை

இப்போதுதான் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று புரிகிறது. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் தபால்காரர் கதையெல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அம்மாபேட்டை தறி

ஒரு சந்தேகம். 1959இல் போர் எதுவும் நடக்கவில்லையே. அடுத்த நாட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போய்ப் படமெடுத்தால் ஒற்றன் என்று தூக்கில் போடலாம் இல்லையா? ஏன் விட்டார்கள்?

கோர்ட் வாசல்

சட்டப்படி இரண்டையும் பிரிக்க வேண்டும். போர்க்காலத்தில் சீருடையோடு, வேஷம் மாற்றாமல், எதிரிப் பகுதிக்குள் தகவல் சேகரிக்கப் போகும் ராணுவத்தான் ஒற்றன் ஆக மாட்டான். 1907 ஹேக் விதிகளின் 29ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அகப்பட்டால் போர்க்கைதி, அவ்வளவுதான். சமாதான காலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை, பிடித்த நாட்டின் உள்நாட்டுச் சட்டமும் அன்றைய அரசியலும்தான் முடிவு செய்யும். 1960 மே 1 அன்று சோவியத்துக்கு மேலே சுடப்பட்ட அமெரிக்க யூ-2 விமானி பவர்ஸ் மீது மாஸ்கோவில் வழக்கு நடத்தி, ஒற்றன் என்று தண்டனை கொடுத்தார்கள். அவர் அப்போது சி.ஐ.ஏ. ஆள், விமானப்படைச் சீருடையில் இல்லை. சென் குப்தாவும் ராம்பாலும் சீக்கிரம் வீடு வந்தது அன்றைய இரு நாட்டு உறவின் புண்ணியம்.

பர்ச்சல் விஷயத்திலும் ஒன்று சேர்க்கிறேன். அவரைப் பிடித்ததும் ஜப்பானியர்கள் கேட்ட முதல் கேள்வி, செய்தி அனுப்பினாயா என்பது. இல்லை என்று சாதித்தார்கள். அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து "செய்தியை மறுபடி அனுப்பு" என்று வயர்லெஸ் வந்துவிட்டது, ஜப்பானியர்களும் கேட்டுவிட்டார்கள். அப்புறம் அடி. போர்க்கைதிக்குச் சட்டம் இருந்தது, அந்தக் கப்பல் தளத்தில் சட்டம் இல்லை.

மட்டுநகர்

கடவுளே. உதவிக்கு வந்த குரலே காட்டிக்கொடுத்திட்டுது.

கேண்டீன் கார்டு

தலைப்பில் கார்கில் இருக்கிறது, இதுவரை ஒருவரும் தொடவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

1999 மே 21. விமானப்படைத் தாக்குதல் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது மே 26. அதற்கு ஐந்து நாள் முன்பு, மேலே யார் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கீழே யாருக்கும் சரியாகத் தெரியாத நேரத்தில், 106 ஸ்குவாட்ரனின் கான்பெரா ஒன்று படலிக் பகுதிக்கு மேலே போனது. ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள், நேவிகேட்டர் ஸ்குவாட்ரன் லீடர் ஜா. (பெருமாள் எந்த ஊர், யார் சொந்தம் என்று கிளம்பிவிடாதீர்கள், விஷயம் அதுவல்ல.)

கான்பெரா முதன்முதலில் இங்கிலாந்தில் பறந்தது 1949 மே 13. கார்கில் மேலே அது போன அன்று அந்த டிசைனுக்கு ஐம்பது வயதும் எட்டு நாளும். ஸ்டார்ட் செய்யும்போது கார்ட்ரிட்ஜ் வெடித்துக் கரும்புகை கிளம்பும், புதிதாக வந்த பையன்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடுவார்கள். அப்படிப்பட்ட விமானத்தை ஏவுகணைக் காலத்தில் அனுப்பினார்கள்.

தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை மூன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை வரும். சமவெளியில் என்றால் அதற்கு மேலே பறந்தால் போதும், கவலை இல்லை. ஆனால் சுடுகிறவன் 5,000 மீட்டர் மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கை எட்டரைக் கிலோமீட்டர் வரை நீளும், அதாவது 28,000 அடி. மேலே ஏறினால் படத்தில் ஆள் தெரிய மாட்டான், இறங்கினால் ஏவுகணை எட்டும். இதில் நேர்கோடு வேறு.

ஏவுகணை ஒரு இன்ஜினில் அடித்தது. கான்பெராவுக்கு இரண்டு இன்ஜின், இறக்கையில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், உடம்பை விட்டுத் தள்ளி. ஒன்று போனால் மற்றது விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும். வேகம் குறையக் குறைய வால் சுக்கானால் (ரடர்) அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் போகும். பிரிட்டனில் ஒற்றை இன்ஜின் தரையிறக்கப் பயிற்சியிலேயே நிறையப் பேர் செத்திருக்கிறார்கள், பயிற்சியில். பெருமாள் அடிபட்ட விமானத்தை மலைகளைத் தாண்டி ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஸ்ரீநகர் ஓடுதளம் இருப்பது ஏறத்தாழ நம் சேர்வராயன் கோயில் உச்சியின் உயரத்தில். அந்த உயரத்தில் காற்று லேசு, இன்ஜின் சக்தி குறையும், தரையைத் தொடும் வேகம் கூடும். இரண்டு பேரும் நடந்து இறங்கினார்கள்.

மே 27 அன்று என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மே 21 பற்றிக் கேட்டால் முன்னாள் படைவீரர்களிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள்.

செவ்வாய்ப்பேட்டை

மே 27 அஜய் அகுஜாவைத்தானே சொல்கிறீர்கள்? அவரும் அன்றைக்குப் படமெடுக்கும் பணியில்தான் போனார். நச்சிகேதாவின் விமானம் இன்ஜின் அணைந்து விழுந்ததும், அவர் இறங்கிய இடத்தைக் குறித்துக் கொடுப்பதற்காக அங்கேயே சுற்றினார். ஏவுகணை பட்டது. இறந்தபின் வீர் சக்கரம். அவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது தோழனைத் தேடிப் போனதற்காக. கேமரா வேலைக்குப் போனவர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

குரங்குச்சாவடி

பெருமாள் கதைக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. பட்டம் எதுவும் ஒட்டாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதுமானதாக இருக்கிறது. நான் கேட்டதும் அதைத்தான்.

மாடரேட்டர்

கான்பெரா நல்லதா மிக் நல்லதா என்று வந்த பதிவுகளை ராணுவ விமானங்கள் இழைக்கு மாற்றியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடரலாம்.

ஓமலூர் பிளஸ் டூ

எல்லோருக்கும் வணக்கம். நான் என்.டி.ஏ. (தேசிய ராணுவ அகாடமி) தேர்வுக்குப் படிக்கிறேன். இப்போது சாட்டிலைட், டிரோன் எல்லாம் இருக்கிறதே, இனி வேவு விமானி என்று ஒரு வேலை இருக்குமா? வீட்டில் "சேலம் ஏர்போர்ட்டிலேயே வேலை பாரு" என்கிறார்கள்.

கேண்டீன் கார்டு

தம்பி, நல்ல கேள்வி. சாட்டிலைட் ஓர் இடத்துக்கு மேலே எப்போது வரும் என்று எதிரிக்கும் தெரியும், அந்த நேரத்துக்கு வண்டிகளை மூடி வைப்பான். மேகம் இருந்தால் சாதாரணக் கேமராவில் ஒன்றும் தெரியாது, ரேடார் கொண்டு எடுக்க வேண்டும். டிரோனை அனுப்பலாம், ஆனால் பலமான வான்பாதுகாப்பு உள்ள இடத்தில் மெதுவாகப் போகும் டிரோன் பிழைக்காது.

வேவுக்கென்றே இருந்த விமானங்கள் போய்விட்டன என்பது உண்மை. பரேலியில் 102 ஸ்குவாட்ரன் வைத்திருந்த மிக்-25, ஒலியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான வேகம், 1981இல் வந்தது, 2006இல் ஓய்வு. நம் கான்பெரா 2007 மே 11 அன்று ஆக்ராவில் கடைசியாகப் பறந்தது. இப்போது சண்டை விமானத்தின் வயிற்றிலேயே பாட் என்ற கேமராப் பெட்டியை மாட்டி அனுப்புகிறார்கள். ஆக, வேலை இருக்கிறது, தனிப் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான்.

பிளையிங் பிராஞ்ச் வேண்டுமென்றால் இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதே. அதைவிட முக்கியம், எழுத்துத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துவிட்டுக் கடைசியில் மெடிக்கலில் கண்ணால் வெளியே வருகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வையையும் நிறக்குருடையும் இப்போதே ஒரு நல்ல கண் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்.

குரங்குச்சாவடி

கண் சரியில்லை என்று வந்தால் மனசு விடாதே தம்பி. தரையில் உட்கார்ந்து படத்தைப் படிக்கிற வேலைக்கும் ஆள் வேண்டும். லேடீஸ்சீட் சாரிடம் ஸ்டீரியோஸ்கோப் இருக்கிறதாம், குழியையும் மேட்டையும் பிரிக்கக் கற்றுக்கொண்டு போ.

லேடீஸ்சீட்

தாராளமாக வரட்டும். சனிக்கிழமை சாயந்திரம் மாணவர்களை மேலே அழைத்துப் போகிறேன், ஒரு சீட் காலியாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் என்றால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு, டிரைவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.